தேனீயின் பஞ்சகாலமும் பூக்கும் பருவமும்: தென்திருவிதாங்கூர்த் தேன்தொழில் வரலாறு – ஓர் ஆய்வு

முன்னுரை

நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என வகுத்தது தொல்காப்பியம். ஓராண்டை ஆறு பெரும்பொழுதாகப் பகுத்து, ஒவ்வொன்றையும் ஒரு திணைக்கு உரிமையாக்கிய அந்நூலின் பாகுபாடு, மழை, வெயில், பனி ஆகியவற்றையும் அவற்றிற்கேற்பப் பூக்கும் மரஞ்செடிகொடிகளையும் நெடுங்காலம் உற்றுநோக்கிய அறிவின் பயனாகும். இவ்வறிவு புலவர்க்கு மட்டும் உரியதாக இருந்ததில்லை. உழவர், ஆயர், கானவர் ஆகிய அனைவரும் பூவைக் கொண்டே பொழுதை அறிந்தனர். அவர்களுள் பூவின் வரவை முற்றிலும் சார்ந்து பிழைப்போர் தேன் எடுப்போரும் தேனீ வளர்ப்போரும் ஆவர். பூ இல்லாத திங்கள்களில் தேனீக்கு உணவில்லை. அதனை வளர்ப்போர்க்கு வருவாயும் இல்லை. அக்காலத்தைத் தேனீயின் ‘பஞ்சகாலம்’ என்பர்.

அகத்தியமலைக்குத் தெற்கும் மேற்குமாக அமைந்த பழைய தென்திருவிதாங்கூர்ப் பகுதியில், அதாவது இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்திலும் திருவனந்தபுரம் மாவட்டத்திலும், இப்பஞ்சகாலம் எவ்வாறு உருவாகியது, எவ்வாறு மாறியது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. பஞ்சகாலம் இயற்கை தந்ததா, மனிதர் செய்த பயிர்மாற்றத்தால் ஆழமானதா என்னும் வினா இவ்வாய்வின் மையமாகும். பூக்கும் பருவம் நழுவிவருவதாக இன்று பரவலாகப் பேசப்படும் நிலையில், அந்நழுவலை அளப்பதற்குத் தமிழ்ப் புலமை எவ்வகையில் துணைநிற்கக் கூடும் என்பதும் இங்கு எண்ணிப் பார்க்கப்படுகிறது.

ஆரியசாலையும் மலைவளமும்

திருவனந்தபுரம் கோட்டைக்குக் கிழக்கே அமைந்த சாலைக் கடைத்தெருவின் பகுதியாக விளங்குவது ஆரியசாலை. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் திவான் இராஜா கேசவதாசர் இக்கடைத்தெருவை அமைத்தார் என்பது திருவிதாங்கூர் வரலாற்றில் நன்கறியப்பட்ட செய்தி. தெற்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் வந்து குடியேறிய தமிழ் வணிகர்கள் தலைமுறைகளாக இங்கு வாழ்ந்து வருகின்றனர். சாலைத் தெருவின் மனிதர்களைத் தம் சிறுகதைகளில் நிலைபெறச் செய்த ஆ. மாதவன் அத்தெருவிலேயே கடை வைத்திருந்தவர் என்பதும் நினைவுகூரத்தக்கது. அருகிலுள்ள வலியசாலையைக் கல்வெட்டுகளில் புகழ்பெற்ற காந்தளூர்ச்சாலையோடு தொடர்புபடுத்தும் ஆய்வாளர் உளர். அது எவ்வாறாயினும், மழைக்காலத்தில் மலர்வதும் முருகனுக்கு உரியதுமான காந்தளின் பெயரை ஓர் ஊர்ப்பெயர் தாங்கி நிற்பது, நிலத்தின் பூவைக் கொண்டே ஊரை அடையாளம் கண்ட மரபைக் காட்டுகிறது.

ஆரியசாலைக்கும் தெற்கின் மலைப்பகுதிக்கும் இடையே ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படும் உறவு ஒன்று உண்டு. நவராத்திரியின்போது பத்மநாபபுரத்திலிருந்து சரசுவதியும், சுசீந்திரத்திலிருந்து முன்னுதித்த நங்கையும், வேளிமலையிலிருந்து குமாரசுவாமியும் திருவனந்தபுரத்திற்கு எழுந்தருளுகின்றனர். சரசுவதி கோட்டைக்குள் நவராத்திரி மண்டபத்திலும், நங்கை செந்திட்டையிலும், வேளிமலைக் குமாரசுவாமி ஆரியசாலைக் கோயிலிலும் தங்குவது வழக்கம். வேளிமலை, வள்ளியை முருகன் மணந்த இடமாக அப்பகுதி மக்கள் போற்றும் மலை. தேனும் தினைமாவும் அக்கடவுளுக்கு உகந்த படையல்கள். தேனின் கடவுள் ஆரியசாலைக்கு வந்து தங்கும் புரட்டாசித் திங்கள், அவனது மலையடிவாரத்துத் தேனீக்கள் உணவின்றி மெலிந்திருக்கும் காலத்தின் கடைப்பகுதியாகவே பெரும்பாலும் அமைகிறது. விழாக்காலமும் பஞ்சகாலமும் இவ்வாறு ஒன்றன்மேல் ஒன்று படிவது இப்பகுதியின் பருவ அமைப்பை விளங்கிக்கொள்ளத் தக்க தொடக்கமாகும்.

மலைத்தேனைத் திரட்டித் தந்தவர்கள் அகத்தியமலைச் சாரலில் வாழும் காணிக்காரர். சாமுவேல் மேட்டீர் 1883இல் வெளியிட்ட திருவிதாங்கூர் மக்கள் வாழ்க்கை பற்றிய நூலும், எட்கார் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் பற்றிய தொகுதிகளும் இம்மக்களின் வாழ்வைப் பதிவு செய்துள்ளன. மலைத்தேனீ பெரும்பாறைகளிலும் உயர்ந்த மரங்களிலும் ஒற்றை அடை கட்டுவது. அதனைப் பெட்டியில் அடைத்து வளர்க்க இயலாது. ஆகவே காணிக்காரர்க்குப் பஞ்சகாலம் என்பது தேனைத் தேடிப் போகாத காலம் மட்டுமே. பூவற்ற திங்கள்களில் மலைத்தேனீ தானே இடம்பெயர்ந்து விடும். அதற்கு உணவூட்டும் பொறுப்பு மனிதர்க்கு இல்லை. இப்பொறுப்பு தேனீயைப் பெட்டியில் குடியேற்றிய பிறகே தோன்றியது.

சங்கப் பாடல்களில் பருவமும் பருவப் பிறழ்ச்சியும்

தேனீயையும் தேனையும் குறிக்கச் சங்க இலக்கியம் வழங்கும் சொற்கள் பல. சுரும்பு, ஞிமிறு, தும்பி, வண்டு, பிரசம் முதலியன பூவை நாடும் பறவையினத்தைச் சுட்ட, இறால் என்பது தேனடையைச் சுட்டியது. இறையனார் பாடிய குறுந்தொகை இரண்டாம் பாடல், பூந்தாது தேடுவதையே வாழ்க்கையாகக் கொண்ட தும்பியை விளித்து உண்மை உரைக்குமாறு கேட்கிறது. பல பூக்களை அறிந்த உயிர் என்பதனாலேயே தும்பி அங்குச் சான்றாளர் ஆகிறது. தேவகுலத்தார் பாடிய மூன்றாம் பாடல், குறிஞ்சிப் பூவிலிருந்து பெருந்தேன் உருவாகும் மலைநாட்டைக் காட்டுகிறது. கபிலர் பாடிய புறநானூற்று 109ஆம் பாடல், பறம்பு மலையில் உழவர் உழாமலே கிடைக்கும் நான்கு பயன்களுள் ஒன்றாகத் தேனை வைக்கிறது. முற்றுகைக்குள்ளான மலைக்கு உணவுக் காப்பாகவே தேன் அங்குக் கூறப்படுதல் கருதத்தக்கது.

இவற்றினும் இவ்வாய்வுக்கு நெருக்கமானவை கொன்றை பற்றிய பாடல்கள். கார்காலத்தில் மீள்வேன் என்று கூறிப் பிரிந்த தலைவன் வரவில்லை, கொன்றையோ பூத்துவிட்டது. ஓதலாந்தையார் பாடிய குறுந்தொகை 21ஆம் பாடலில், காடே கார் வந்ததெனக் கூறினும் தலைவி அதனை ஏற்க மறுக்கிறாள். தலைவன் பொய் கூறான் என்பது அவள் துணிபு. 66ஆம் பாடலில் தோழி, பருவமல்லாத மழையைக் கார்மழை என மயங்கிக் கொன்றை பூத்துவிட்டது என்றும், அம்மரம் அறிவற்றது என்றும் கூறித் தலைவியைத் தேற்றுகிறாள். அப்பருவமல்லாத மழை ‘வம்பு’ என்னும் அடையால் சுட்டப்படுகிறது. தொல்காப்பிய உரியியல் இச்சொல்லுக்கு நிலையின்மை என்னும் பொருளைத் தருகிறது.

இப்பாடல்களைத் தோழியின் ஆற்றுவிக்கும் திறனுக்கு எடுத்துக்காட்டாகவே உரையாளர் விளக்குவர். அவ்விளக்கம் பொருந்துவதே. எனினும் தோழியின் கூற்று கேட்போர்க்கு நம்பத்தகுந்ததாக இருக்க வேண்டுமாயின், பருவந்தவறிய மழையில் மரம் பூப்பது உலகியலில் காணப்பட்ட நிகழ்வாக இருந்திருத்தல் வேண்டும். காணாத ஒன்றைக் கூறித் தேற்றுதல் இயலாது. ஆகவே பருவப் பிறழ்ச்சியை அறிந்து அதற்குச் சொல்லும் வகுத்துக்கொண்ட சமூகம் ஒன்றின் பதிவாகவும் இப்பாடல்கள் கொள்ளத்தக்கன.

இங்கு மற்றொரு சிக்கலும் உண்டு. கொன்றை என்பது சரக்கொன்றையே எனப் பொதுவாகக் கொள்ளப்படுகிறது. அம்மரம் இன்று பெரிதும் பங்குனி, சித்திரையில் பூப்பது. கேரளத்தில் விஷுக்கணியில் இடம்பெறும் பூவும் அதுவே. சங்கப் பாடல்களோ அதனைக் கார்காலத்தில் வைக்கின்றன. முதன்மைப் பூப்பு முடிந்த பின்னரும் மழை கண்டு இம்மரம் மீண்டும் பூப்பது உண்டு என்பது ஒரு விளக்கம். கொன்றை என்னும் பெயர் ஒன்றுக்கு மேற்பட்ட மரங்களைச் சுட்டியிருக்கலாம் என்பது மற்றொரு விளக்கம். எவ்விளக்கத்தைக் கொள்ளினும், பூவையும் பருவத்தையும் பற்றிய இலக்கியச் சான்றை இன்றைய நாட்காட்டியோடு நேரடியாக ஒப்பிடுதல் எளிதன்று என்பது தெளிவாகிறது.

ஒரு மலை, இரு மழை

மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்கோடி இரு பருவமழைகளுக்கும் உரிய நிலம். இடவப்பாதி எனப்படும் தென்மேற்குப் பருவமழை கேரளத்தில் தொடங்கும் இயல்பான நாள் ஜூன் 1 என வானிலைத் துறை கொள்கிறது. துலாவர்ஷம் எனப்படும் வடகிழக்குப் பருவமழை அக்டோபர், நவம்பர் திங்கள்களில் பெய்கிறது. மலைக்கு மேற்கே முதல் மழை மிகுதி. கிழக்கே இரண்டாம் மழையே உயிர்நாடி. கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்கு வட்டங்கள் இரு மழையையும் பெறுகின்றன.

மேற்குச் சரிவில் இதனால் தேனீயின் ஆண்டு மூன்று பகுதிகளாக அமைகிறது. ஐப்பசி முதல் மார்கழி வரை கூடு பெருகும் காலம். தை முதல் சித்திரை வரை தேன் வரத்துக் காலம். மழை தொடங்கும் வைகாசி இறுதியிலிருந்து புரட்டாசி வரை பஞ்சகாலம். மழை விடாது பெய்யும் நாள்களில் தேனீ கூட்டைவிட்டு வெளியேற இயலாது. பூத்த சில பூக்களிலும் தேன் கரைந்து வழிந்துவிடும். மலைக்குக் கிழக்கே நிலை வேறு. அங்குக் கார்மழை முல்லை நிலத்தைப் பூக்கச் செய்யும். சங்கப் பாடல்கள் பாடும் வண்டார்க்கும் கார்காலம் பெரிதும் மழைமறைவு நிலத்தின் கார்காலமே எனக் கருத இடமுண்டு. ஒரே ஆவணித் திங்கள், மலையின் ஒருபுறம் பூக்காலமாகவும் மறுபுறம் பஞ்சகாலமாகவும் விளங்குகிறது. தேனீப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு இடம்பெயரும் பிற்காலத் தொழில்முறை, இவ்வேறுபாட்டைப் பயன்கொள்வதாகும்.

பஞ்சகாலத்திலும் இந்நிலம் முற்றும் வறண்டதன்று. தென்னை ஆண்டு முழுவதும் பாளை விரிப்பது; அதன் மகரந்தம் தேனீக்கு இடையறாத கொடை. தொட்டாற்சுருங்கி மழைக்காலத்திலும் மகரந்தம் தரும். ஓணப் பூக்களத்தில் இடம்பெறும் தும்பை, ஆவணியில் வேலியோரங்களிலும் தரிசுகளிலும் பூக்கும். மா, முந்திரி, இலவம், புளி, நாவல், புன்கு, முருங்கை எனப் பல மரங்கள் கலந்து நின்ற பழைய வீட்டுத் தோட்டங்களில் ஒன்று உதிர மற்றொன்று பூத்தது. உணவு குறைந்ததேயன்றி ஒரேயடியாக அற்றுப்போகவில்லை.

பெட்டித் தேனீயின் வரவு

அசையும் சட்டங்களைக் கொண்ட தேனீப் பெட்டியை அமெரிக்காவில் லாங்ஸ்ட்ராத் 1851இல் உருவாக்கினார். இந்தியாவில் அம்முறையைப் பரப்ப 1880களில் வங்காளத்தில் முயற்சிகள் நடந்தன. தென்னிந்தியாவில் 1910களில் அருட்தந்தை நியூட்டன், இந்நாட்டு அடுக்குத் தேனீயின் சிறிய உடலுக்கும் சிறிய கூட்டத்திற்கும் ஏற்ற பெட்டியை அமைத்துப் பலருக்குப் பயிற்சி அளித்தார். ‘நியூட்டன் பெட்டி’ என்னும் பெயர் இன்றும் வழங்குகிறது. திருவிதாங்கூரில் 1917ஆம் ஆண்டு அளவில் புதுமுறைத் தேனீ வளர்ப்புத் தொடங்கியதாக வேளாண் வரலாறுகள் குறிக்கின்றன.

இம்முயற்சி மக்கள் தொழிலாக வேரூன்றியது மார்த்தாண்டத்தில். கிறித்தவ இளைஞர் சங்கத்தின் சார்பில் 1920களில் அங்கு ஊரக மேம்பாட்டு மையத்தை நடத்திய அமெரிக்கர் ஸ்பென்சர் ஹாட்ச், நிலமற்றோரும் சிறுநிலத்தோரும் மேற்கொள்ளத்தக்க துணைத்தொழில்களுள் தேனீ வளர்ப்பை முதன்மையாகக் கருதினார். 1932இல் வெளிவந்த அவரது நூல், இந்திய ஊரகம் வறுமையினின்று எழுவது பற்றியது. மார்த்தாண்டத்தின் பட்டறிவே அதன் அடிப்படை. லின்லித்கோ பிரபுவின் தலைமையில் அமைந்த வேளாண்மைக்கான அரச ஆணையம் 1928இல் தந்த அறிக்கையும் ஊரகக் குடிசைத் தொழில்களின் வளர்ச்சியை வலியுறுத்தியது. விளவங்கோடு, கல்குளம் வட்டங்களில் வீட்டின் பின்புறத்தில் ஓரிரு பெட்டிகள் வைப்பது இவ்வாறு வழக்காயிற்று. நிலம் இல்லாதவரும் அயலார் தோட்டத்துப் பூவைக் கொண்டு வருவாய் ஈட்டலாம் என்பதே இத்தொழிலின் சமூகப் பயனாகும். 1956 நவம்பர் 1 அன்று இவ்வட்டங்கள் தமிழகத்தோடு இணைந்த பின்னரும், மலைக்கு இருபுறமும் எல்லைக்கு இருபுறமும் பெட்டிகளைக் கொண்டுசெல்லும் வழக்கம் தொடர்ந்தது.

ரப்பர்: பூவில்லாத தேன்

1902இல் பெரியாற்றங்கரையில் தட்டேக்காட்டில் வணிக முறையில் நடப்பட்ட ரப்பர், அரைநூற்றாண்டுக்குள் திருவிதாங்கூர் மலையடிவாரத்தின் தோற்றத்தையே மாற்றியது. 1947ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி ரப்பர் வாரியம் உருவாயிற்று. கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரம், கீரிப்பாறை முதலிய பகுதிகளில் ரப்பர் பரவியது. தமிழக அரசின் ரப்பர்க் கழகம் 1984இல் அமைந்தது.

தேனீ வளர்ப்போர்க்கு ரப்பர் எதிர்பாராத வளமாயிற்று. மார்கழியில் இலையுதிர்க்கும் இம்மரம் தை, மாசியில் தளிர்க்கும். மூன்று சிற்றிலைகள் இலைக்காம்போடு கூடும் இடத்தில் உள்ள சுரப்பிகள், தளிர் முற்றும்வரை சில வாரங்கள் இனிய நீரைச் சுரக்கின்றன. தேனீ தேடிச் செல்வது இச்சுரப்பையே, பூவையன்று. மார்த்தாண்டத்திலிருந்து சந்தைக்கு வரும் தேனின் பெரும்பகுதி இவ்வாறு இலையிலிருந்து வந்தது. விரைவில் உறையும் இயல்புடைய அத்தேன், உறைந்தது கலப்படம் என்று எண்ணும் நுகர்வோரால் ஐயுறப்படுவதும் உண்டு. பூவிலிருந்தே தேன் என்னும் இலக்கிய வழக்கினின்று இத்தொழில் விலகிய இடம் இதுவாகும்.

இவ்வளத்திற்கு ஒரு விலையும் இருந்தது. பல மரம் நின்ற தோட்டம் ஒருமரக் காடாக மாறியபோது, ஆண்டின் பிற திங்கள்களில் பூத்தவை மறைந்தன. தையிலும் மாசியிலும் அளவின்றிக் கிடைத்த உணவு, ஆனியிலும் ஆடியிலும் முன்னினும் அரிதாயிற்று. ரப்பர் இலையின் சுரப்பு இனிப்பை மட்டுமே தருவது. புழுக்களை வளர்க்கத் தேவையான மகரந்தத்தைத் தாராது. மேலும், 1980களிலிருந்து ஆர்.ஆர்.ஐ.ஐ. 105 என்னும் ஒட்டு வகையே பெரும்பரப்பில் நடப்பட்டது. ஒரே தாய்மரத்தின் ஒட்டுகள் ஒரே காலத்தில் தளிர்க்கும் இயல்பின. பலவகை மரங்கள் தரும் நீண்ட வரத்துக்கு மாறாக, வரத்துக் காலம் குறுகிச் செறிந்தது. ஆகவே பஞ்சகாலத்தின் இருப்பு இயற்கையின் செயலாயினும், அதன் ஆழம் பயிர் வரலாற்றின் செயல் எனலாம்.

பஞ்சகாலமும் கூட்டின் நிலையும்

பஞ்சகாலத்தில் கூட்டுக்குள் நிகழ்வனவற்றை அறிந்தாலன்றி இத்தொழிலின் இடர் விளங்காது. உணவு வரத்துக் குறையும்போது இராணித் தேனீ முட்டையிடுவதைக் குறைக்கும். வேலைக்காரத் தேனீக்களின் வாழ்நாள் சில வாரங்களே ஆதலால், புதியன பிறவாத கூட்டம் விரைவில் மெலியும். மெலிந்த கூட்டத்தால் எல்லா அடைகளையும் காக்க இயலாது. காவலற்ற அடையில் மெழுகுப் பூச்சி புகுந்து துளைக்கும். எறும்பும் குளவியும் தாக்கும். இந்நிலையில் அடுக்குத் தேனீ மேற்கொள்ளும் இறுதி வழி, பெட்டியைக் கைவிட்டு ஒட்டுமொத்தமாக ஓடிப்போவது. ஐரோப்பியத் தேனீயினும் இந்நாட்டுத் தேனீக்கு இவ்வியல்பு மிகுதி. காட்டில் அதனைக் காத்த இயல்பு, பெட்டியில் வளர்ப்போர்க்கு இழப்பாகிறது.

இதனைத் தடுக்க வளர்ப்போர் சர்க்கரைப் பாகு வைக்கின்றனர். வெற்று அடைகளை அகற்றிக் கூட்டைச் சுருக்குகின்றனர். வலிவற்ற கூட்டங்களை ஒன்றிணைக்கின்றனர். சர்க்கரைச் செலவு, வருவாயற்ற திங்கள்களில் வருவது. தையில் கிடைக்கும் தேனின் விலையிலிருந்து ஆடிச் செலவை ஈடுசெய்ய இயன்றவரே தொழிலில் நிலைக்கின்றனர். ஓரிரு பெட்டி வைத்திருப்போர்க்கு இது கடினமாதலால், நூற்றுக்கணக்கான பெட்டிகளை ஏற்றியிறக்கும் வசதியுடையோர் கையில் தொழில் படிப்படியாகச் சேர்ந்தது. தையில் கேரளத்தின் ரப்பர்த் தோட்டங்களுக்கும், வேறு திங்கள்களில் கிழக்கே பூக்கும் நிலங்களுக்கும் பெட்டிகள் செல்கின்றன. நிலமற்றோர்க்கு எனத் தொடங்கிய தொழிலில் முதலுடையோர் மேலோங்கியதற்குப் பஞ்சகாலம் ஆழமானதும் ஒரு காரணமாகக் கொள்ளத்தக்கது.

1991ஆம் ஆண்டளவில் பரவிய தாய்லாந்துப் பைப்புழு நோய் இத்தொழிலை ஏறத்தாழ அழிவின் விளிம்புக்குக் கொண்டு சென்றது. 1976இல் தாய்லாந்தில் கண்டறியப்பட்ட இந்நச்சுயிரி நோய், அடுக்குத் தேனீயின் புழுக்களை நீர் நிறைந்த பைபோலாக்கி மாய்ப்பது. கேரளத்திலும் கன்னியாகுமரியிலும் பெரும்பான்மையான கூடுகள் அழிந்தன. பலர் தொழிலைக் கைவிட்டனர். இழப்பை ஈடுசெய்ய ஐரோப்பியத் தேனீ தென்கேரளத்தில் அறிமுகமாயிற்று. இந்நாட்டுத் தேனீயோ, நோயில் தப்பிய கூடுகளைப் பிரித்துப் பெருக்கியவர்களால் மீண்டது. திருவனந்தபுரம் வெள்ளாயணி வேளாண் கல்லூரியில் இயங்கும் தேனீ ஆய்வு மையம் இவ்வினத்தின் வளர்ப்பு, நோய்த்தடுப்பு, உணவுத் தாவரங்கள் ஆகியவற்றை ஆராய்ந்து வருகிறது. நோய்க்குக் காரணம் நச்சுயிரியே. எனினும் உணவுக்குறைவால் மெலிந்த கூடு நோயைத் தாங்கும் வலிமை குன்றியது என்பதை வளர்ப்போர் அறிவர்.

நழுவும் பருவம்

ஒரே தளிர்ப்பை நம்பிய தொழிலுக்கு அத்தளிர்ப்பின் நாள் மாறுவது பேரிடராகும். தை, மாசியில் பருவந்தவறி மழை பெய்யின் இலைச் சுரப்புக் கழுவப்படும். மூடுபனியும் ஈரமும் மிகின் இளந்தளிரில் சாம்பல்நோய் தோன்றித் தளிர் உதிரும். 2021 ஜனவரியில் தென்தமிழகத்திலும் கேரளத்திலும் பெய்த பெருமழை இத்தகையது. சங்கப் பாடலில் கொன்றையை மயங்கச் செய்த ‘வம்பு’ மழை, இன்று ரப்பர்த் தளிரின் இனிமையைக் கரைத்து விடுகிறது. 2017 நவம்பர் 30 அன்று கன்னியாகுமரிக் கடலோரத்தை ஒட்டிச் சென்ற ஒக்கிப் புயலில் ரப்பர் மரங்கள் பெருமளவில் சாய்ந்தன. தளிர்ப்புக் காலத்திற்குச் சில வாரங்களே எஞ்சியிருந்த வேளை அது. 2018இல் நீலக்குறிஞ்சி பூக்கும் ஆண்டில் இரவிகுளத்தில் பெருமழையால் பூப்புத் தாழ்ந்தது. 1994, 2006, 2018 எனப் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் அச்செடிக்கும், அதன் தேனுக்கும், தவறிய பருவம் மீண்டும் வர நெடுங்காலம் ஆகும்.

தென்மேற்குப் பருவமழையின் வரவும் சீராக இல்லை. கேரளத்தில் அது 2023இல் ஜூன் 8 அன்றும், 2025இல் மே 24 அன்றும் தொடங்கியது. இரு ஆண்டுகளுக்கு இடையே பஞ்சகாலத்தின் தொடக்கம் ஏறத்தாழ இரு வாரம் முன்னகர்ந்தது. ஓரிரு ஆண்டின் வேறுபாட்டைக் கொண்டு நீண்டகாலப் போக்கை முடிவு செய்தல் முறையன்று. ஆனால் வளர்ப்போர்க்கு ஒவ்வோர் ஆண்டும் தனித்தனியே கடக்க வேண்டிய ஆண்டு. கடைசித் தேனெடுப்பை எப்போது நிறுத்துவது, கூட்டுக்கு எவ்வளவு தேனை விட்டுவைப்பது என்பவை மழையின் வரவை முன்னறிந்து எடுக்க வேண்டிய முடிவுகள். அம்முன்னறிவே இன்று தளர்ந்துள்ளது.

கொன்றை இங்கு மீண்டும் சான்றாகிறது. மேடத் திங்கள் முதல்நாளான விஷுவுக்கு முன்பே அது பூத்து உதிர்ந்துவிடுகிறது என்பது கேரளத்தில் ஆண்டுதோறும் எழும் பேச்சு. கொன்றை தேன் சுரக்கும் மரம் அன்று. மகரந்தமே அதன் கொடை. எனினும் பருவத்தின் அளவுகோலாக அதற்குள்ள இடம் பெரிது. இப்பேச்சை ஆராயுங்கால் நாட்காட்டி பற்றிய ஓர் உண்மையை மறத்தலாகாது. தமிழ் ஆண்டும் கொல்லம் ஆண்டும் விண்மீன்களை அடிப்படையாகக் கொண்டவை. பருவங்களோ சூரியன் நிலநடுக்கோட்டைக் கடக்கும் சமபகல் நாளைப் பின்பற்றுபவை. இவ்விரண்டிற்கும் இடையே ஏறத்தாழ 60 முதல் 70 ஆண்டுகளுக்கு ஒரு நாள் வேறுபாடு கூடுகிறது. கி.பி. 825இல் கொல்லம் ஆண்டு தொடங்கிய காலத்தில் மேடம் முதல்நாள், பருவ ஓட்டத்தில் இன்றைக்கு இரு வாரத்திற்கும் மேல் முந்தியே வந்தது. ஆகவே கொன்றை தன் பருவத்தினின்று சிறிதும் மாறாமலே பூத்தாலும், நூற்றாண்டுகள் செல்லச்செல்ல விஷுவுக்கு முந்திப் பூப்பதாகவே தோன்றும்.

ஆனால் இக்கணக்கு ஒரு தலைமுறைக்கு அரை நாள் மாற்றத்தையே விளக்கும். ஒருவர் தம் வாழ்நாளுக்குள் வாரக்கணக்கில் காணும் மாற்றத்தை நாட்காட்டியால் விளக்க இயலாது. அதற்கு வெப்பத்தையும் மழையையுமே நோக்க வேண்டும். சங்க இலக்கியத்தின் பெரும்பொழுதுகளை இன்றைய திங்கள்களோடு ஒப்பிடும் ஆய்வுகளும் இவ்வேறுபாட்டைக் கணக்கில் கொள்ளுதல் தேவை. அக்காலத்து ஆவணி, பருவ ஓட்டத்தில் இன்றைய ஆவணிக்கு மூன்று வாரத்திற்கும் மேல் முந்தியது.

பதிவின் தேவை

ஜப்பானின் கியோத்தோ நகரில் செர்ரி பூத்த நாள்கள் 9ஆம் நூற்றாண்டு முதல் அரண்மனைக் குறிப்புகளிலும் நாட்குறிப்புகளிலும் பதிவாகியுள்ளன. 2021இல் மார்ச் 26 அன்று நிகழ்ந்த முழுப்பூப்பு, 1200 ஆண்டுப் பதிவில் மிக முந்தியது என்று கூற முடிந்தது அவ்வாவணங்களால்தான். விழா வருணனைகளும் பூ விருந்துக் குறிப்புகளும் அங்கு அறிவியல் தரவாயின.

திருவனந்தபுரத்தில் சுவாதித் திருநாள் காலத்தில் 1837இல் வானாய்வு நிலையம் அமைந்தது. 1850களில் ஆலன் பிரவுன் அகத்தியமலை உச்சியிலும் ஓர் ஆய்வு நிலையத்தை நிறுவினார். மழையும் வெப்பமும் அளக்கப்பட்டன. பூ அதுபோல் ஆண்டுதோறும் குறிக்கப்பெறவில்லை. பூ பற்றிய செய்திகள் வேறிடங்களில் சிதறிக் கிடக்கின்றன. 1678 முதல் 1693 வரை பன்னிரண்டு தொகுதிகளாக வெளிவந்த ‘ஹோர்த்தூஸ் மலபாரிக்கூஸ்’ மலையாள நாட்டுத் தாவரங்களை அவற்றின் நாட்டுப் பெயர்களோடு விளக்குவது. கொன்றை அதன் முதல் தொகுதியிலேயே இடம்பெறுகிறது. கா. சு. மணிலால் செய்த அதன் ஆங்கில மொழிபெயர்ப்பைக் கேரளப் பல்கலைக்கழகம் 2003 முதல் வெளியிட்டது. பார்டிலன் 1908இல் வெளியிட்ட திருவிதாங்கூர்க் காட்டு மரங்கள் பற்றிய நூலும் உண்டு. இவற்றோடு கோயில் பூக்கட்டளைகள், கல்வெட்டுகளில் வரும் நந்தவன நிவந்தங்கள், பள்ளு, குறவஞ்சி முதலிய சிற்றிலக்கியங்கள், சாலைக் கடைத்தெரு வணிகரின் பழைய கணக்கேடுகள் ஆகியவற்றைப் பருவநோக்கில் ஆராய்ந்தால், எப்பூ எத்திங்களில் வந்தது என்னும் பட்டியலை ஓரளவேனும் உருவாக்க இயலும். தேனீ வளர்ப்போரின் வாய்மொழி அறிவும் இத்தகைய ஆவணமே. எந்த ஆண்டு எந்த வாரத்தில் முதல் தேன் எடுத்தனர் என்பதை அவர்கள் நினைவில் வைத்துள்ளனர். அது எழுத்தில் ஏறாவிடின் அவர்களோடு மறையும்.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பின்வருவன பெறப்படுகின்றன. தென்திருவிதாங்கூரில் தேனீயின் பஞ்சகாலம் தென்மேற்குப் பருவமழையால் அமைந்த இயற்கை நிகழ்வு. ஆனால் கலப்புத் தோட்டங்கள் மறைந்து ரப்பர் பரவியதால் அது ஆழமாயிற்று. பெட்டி வளர்ப்பு முறை, பூவற்ற காலத்தில் தேனீக்கு உணவளிக்கும் பொறுப்பை மனிதர்மேல் வைத்தது. அப்பொறுப்பின் செலவே சிறுவளர்ப்போரைத் தொழிலினின்று விலகச் செய்த காரணங்களுள் ஒன்று. ஒரே தளிர்ப்பைச் சார்ந்த தொழில், பருவம் நழுவும்போது பிற தொழில்களினும் முந்தித் தாக்குறுகிறது. ஆதலின் ரப்பருக்கு இடையிலும் வேலியிலும் சாலையோரங்களிலும் ஆனி முதல் புரட்டாசி வரை பூக்கும் செடிகளைப் பேணுதல், சர்க்கரைப் பாகினும் நிலையான தீர்வாகும். தும்பையைக் களையெனக் கருதி மருந்தடித்து அழிப்பது தேனீயின் ஆவணி உணவை அழிப்பதற்கு ஒப்பாகும்.

பருவமல்லாத மழையில் பூத்த கொன்றையை மரத்தின் அறியாமை என்று தோழி கூறியது, பருவம் தன் நிலைக்கு மீளும் என்னும் உறுதியால். கார் உரிய நாளில் வரும், தலைவனும் வருவான். அவ்வுறுதி இருந்தமையாலேயே அப்பாடல் ஆறுதல் மொழியாயிற்று. இன்று மார்த்தாண்டத்துத் தேனீ வளர்ப்போர்க்கு இல்லாதது அவ்வுறுதியே. பூவின் நாளைக் குறித்துவைக்கும் பணியைத் தமிழாய்வு மேற்கொள்ளுமாயின், அவர்களின் பட்டறிவுக்குச் சான்று கிடைக்கும். பெரும்பொழுது பற்றிய தமிழ்ப் புலமைக்கும் நிகழ்காலப் பயன் உண்டாகும்.